காசு கொடுத்து மூச்சு வாங்குபவர்கள்

கிரிக்கெட்டில் யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சேப்பாக்கத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர் கொடுக்கிறார். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து ஓவருக்கு ஓவர் சிமெண்ட் விளம்பரமும் பனியன் விளம்பரமும் பார்ப்பவர் மறைமுகமாகக் கொடுக்கிறார். அந்தக் காசில் ஒரு பங்கு ஆடுபவர்களுக்குப் போகிறது. கபடி, கால்பந்து, டென்னிஸ் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

டிரையத்லான் என்கிற விளையாட்டில் இந்தப் பேரேடு தலைகீழாக இருக்கிறது. பார்ப்பவர் சல்லிக்காசு கொடுக்க வேண்டாம், சாலையோரம் நின்று இலவசமாகக் கைதட்டிவிட்டுப் போகலாம். நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, சுளுக்கிக் கொண்டு, சில சமயம் வாந்தியும் எடுப்பவர்தான் முழுத் தொகையையும் கட்டுகிறார். அதுவும் பல மாதங்களுக்கு முன்பே, முன்பணமாக! பதிலுக்குக் கிடைப்பது ஒரு மெடல், ஒரு டி-சர்ட், கடைசியில் ஒரு வாழைப்பழம்.

"இதெல்லாம் காசு இருக்கிறவங்க பொழுதுபோக்குப்பா" என்று ஒரே வரியில் தள்ளிவிடுபவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் பாடம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதுதான் டிரையத்லான். இதில் முழு தூரம் என்பது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதற்குமேல் ஒரு முழு மாரத்தான், அதாவது 42.2 கி.மீ. ஓட்டம். அயர்ன்மேன் என்று சொல்வது இதைத்தான். இதன் சரிபாதியை அரை தூரம் என்கிறார்கள். 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். கூட்டினால் 113 கிலோமீட்டர், மைலில் சொன்னால் 70.3. "அயர்ன்மேன் 70.3" என்று பெயர் வைத்தது அதனால்தான்.

அந்த "அரை" என்ற வார்த்தைதான் கொஞ்சம் ஏமாற்றுவேலை. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது வைத்த தூரம் 1.5, 40, 10. மொத்தம் 51.5 கிலோமீட்டர். இன்றைக்கும் அதே தூரம்தான். அப்படியானால் "அரை" என்று சொல்லப்படுவது ஒலிம்பிக் தூரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். சென்னையில் கிளம்பினால் கிட்டத்தட்ட திண்டிவனத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிற தூரம். இதை முடித்துவிட்டு வருபவரிடம் "ஓ, பாதிதானா?" என்று கேட்கும் உறவினர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். என்ன செய்வது :)

இனி காசு விவகாரம். 1978 பிப்ரவரியில் ஹவாயில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். கார்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். நீச்சல்காரன் பெரியவனா, ஓட்டக்காரன் பெரியவனா, சைக்கிள்காரன் பெரியவனா என்று சில கடற்படைக்காரர்களும் நண்பர்களும் போட்ட வாக்குவாதத்தில் பிறந்த போட்டி அது. அந்தப் பதினைந்து பேர் விளையாட்டை 1990-ல் ஒரு கண் மருத்துவர் 30 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2015-ல் சீனாவின் வாண்டா குழுமம் 65 கோடி டாலருக்கு வாங்கியது. 2020-ல் அமெரிக்காவின் அட்வான்ஸ் நிறுவனம், இன்னொரு முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து, 73 கோடி டாலருக்கு வாங்கியது.

முப்பது வருஷத்தில் மதிப்பு இருநூறு மடங்குக்கு மேல். இவ்வளவு பெரிய தொகையைக் கொட்டுபவர்கள் எதை நம்பிக் கொட்டினார்கள்? ஸ்டேடியம் கிடையாது. ஐ.பி.எல். மாதிரி ஒளிபரப்பு உரிமையும் இல்லை. அவர்கள் வாங்கியது ஒரு பெயரை; அந்தப் பெயர் பதித்த மெடலுக்காக அலாரம் வைத்து விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்கத் தயாராக இருக்கும் உலகம் முழுதுமுள்ள குமாஸ்தாக்களை, டாக்டர்களை, சாஃப்ட்வேர்காரர்களை, வாத்தியார்களை. வணிகவியல் பாடத்தில் "நற்பெயர்" என்று ஒரு சொத்து வருமே, கண்ணுக்குத் தெரியாத சொத்து, அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அந்த நற்பெயரை உண்டாக்கியதும் முதல் பரிசு வாங்கியவர் இல்லை. 1982 பிப்ரவரியில் ஜூலி மாஸ் என்ற 23 வயதுக் கல்லூரி மாணவி தன் படிப்புக்கான ஆய்வுக்காக ஹவாய் போட்டியில் இறங்கினார். பெண்களில் முதலாவதாக ஓடிக் கொண்டிருந்தவர், கோட்டுக்குச் சற்று முன்னால் கால் மடங்கி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசியில் தவழ ஆரம்பித்தார். அந்த நேரத்தில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டி ஓடி ஜெயித்தார். 29 விநாடி வித்தியாசம். ஏ.பி.சி. தொலைக்காட்சியில் இதைப் பார்த்த அமெரிக்கர்கள் அடுத்த வருஷங்களில் வரிசையில் நின்று பெயர் கொடுத்தார்கள். ஜெயித்தவர் பெயர் பலருக்கு மறந்துவிட்டது, தவழ்ந்தவர் பெயர் நிற்கிறது. (நிறுவனத்துக்கு விளம்பரச் செலவு பூஜ்யம் என்பதையும் கவனிக்க.)

ஆகவே காசு இருப்பவர் விளையாட்டு என்ற குற்றச்சாட்டை மறுப்பது வீண். நல்ல கார்பன் சைக்கிள் ஒன்றின் விலையில் புது பைக்கே வாங்கிவிடலாம். நுழைவுக் கட்டணம், பயணம், ஓட்டல், ஷூ, கடிகாரம், பயிற்சியாளர் என்று போட்டால் பட்டியல் முடியாது. இந்தியாவில் இதற்குப் பெயர்போன இடம் கோவா. 2019 அக்டோபரில் முதல் தடவையாக அங்கே பனாஜியின் மிராமார் கடற்கரையில் அயர்ன்மேன் 70.3 நடந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் மீண்டும் தொடங்கியது. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துத் தூக்கிக் கொண்டு போகிறார்கள்.

ஆனால் அங்கே காசு செல்லுபடியாகாத ஒரு பொருள் இருக்கிறது. கடிகாரம்.

அரை தூரப் போட்டியின் விதி எளிமையானது. தண்ணீரில் கால் வைத்ததிலிருந்து 1 மணி 10 நிமிடத்துக்குள் கரையேற வேண்டும். 5 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிளை முடித்துவிட வேண்டும். 8 மணி 30 நிமிடத்துக்குள் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒவ்வொருவர் கணுக்காலிலும் கட்டிய சிப் நேரத்தைப் பதிவு செய்கிறது. தாமதமானால் நிறுத்திவிடுவார்கள். கட்டிய பணம் திரும்பாது, மெடலும் கிடையாது. உலகின் முன்னணி வீரர்கள் இதே தூரத்தை நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்கள். அவர்கள் கதை வேறு. அமெச்சூர் ஆளுக்கு எதிராளி பக்கத்தில் ஓடுபவர் கிடையாது, இந்த மூன்று எண்கள்தான்.

ஒரு சராசரி ஆளை எடுத்துக் கொள்வோம். வயது நாற்பது. வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் தொப்பை. சின்ன வயதில் ஊர்க் கிணற்றில் குதித்துப் பழகிய நீச்சல். நம்ம ஊர் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கும். உயிர் பிழைக்க அது போதும், இரண்டு கிலோமீட்டர் போவதற்கு உதவாது. ஆகவே முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பக்கவாட்டில் தலையைத் திருப்பி மூச்சு வாங்குவதை, ஏழு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து நீச்சல் குளத்தில் முதலிலிருந்து கற்றிருக்கிறார். 25 மீட்டர் குளத்தில் 1.9 கி.மீ. என்றால் 76 தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போக வேண்டும். அதையும் பழகிவிட்டார்.

போட்டியன்று விடியற்காலை கடலைப் பார்த்ததும் பாதி தைரியம் போய்விடும். குளத்தின் அடியில் நீலக் கோடு இருக்கும், அதைப் பார்த்தே நேராகப் போகலாம். கடலில் கோடு ஏது? பத்துப் பதினைந்து தடவை கை போட்டபின் தலையைத் தூக்கி மிதவை எங்கே என்று தேட வேண்டும். தேடும்போது அலை வந்து மறைக்கும். முன்னால் போகிறவர் கால் மூக்கில் படும், பின்னால் வருபவர் கை முதுகில் விழும். கண்ணாடிக்குள் உப்புத் தண்ணீர். ஐரோப்பாவில் போட்டியிடுபவர்கள் குளிருக்கு ரப்பர் உடை போட்டுக் கொள்கிறார்கள், அது உடம்பை மிதக்கவும் வைக்கும். அரபிக் கடல் வெதுவெதுப்பாக இருப்பதால் அந்த வசதி இங்கே அனுமதி இல்லை. 1 மணி 10 நிமிடம் என்பது நூறு மீட்டருக்கு 3 நிமிடம் 41 விநாடி. கேட்க எளிது. நேராகப் போனால்தான் அந்தக் கணக்கு. வளைந்து வளைந்து போகிறவர் 1.9-க்குப் பதில் 2.2 நீந்திவிட்டு, எங்கே போயிற்று நேரம் என்று விழிப்பார்.

1 மணி 5 நிமிடத்தில் கரையேறிவிட்டார் என்று வைப்போம். மணல் ஒட்டிய காலைத் துடைத்து, சாக்ஸ், ஷூ, ஹெல்மெட், கண்ணாடி என்று மாட்ட எட்டு நிமிடம். ஹெல்மெட் பட்டையைப் பூட்டாமல் சைக்கிளைத் தொடக்கூடாது, தொட்டால் தண்டனை. (நம்ம சாலைகளில் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக் கொண்டு வண்டி ஓட்டுபவர்களை நடுவர்கள் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்கள்.) இப்போது கணக்குப் போடுங்கள். ஐந்தரை மணிக்கு மீதி 4 மணி 17 நிமிடம். 90 கிலோமீட்டர். மணிக்கு 21 கிலோமீட்டர் வேகம்.

இருபத்தொன்றா, பூ! ஒரு மணி நேரத்துக்கு யாரும் ஓட்டுவார்கள்தான். நாலு மணி நேரம் விடாமல், கோவாவின் மேடுகளில், எதிர்காற்றில், முன்னால் போகும் சைக்கிளுக்கு 12 மீட்டர் இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றைத் தவிர்த்தால் ஐந்து நிமிடம் ஓரமாக நிற்க வைத்துவிடுவார்கள். ஒரு பஞ்சர் ஆனால் பதினைந்து நிமிடம் காலி, தேவைப்படும் வேகம் உடனே 22-ஐத் தாண்டிவிடும். வெளியாள் யாரும் உதவக்கூடாது. மனைவி கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், காற்றடிக்கும் பம்பை நீட்டக்கூடாது.

இதற்கு நடுவே சாப்பாடு வேறு. உடம்பில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை எட்டு மணி நேர உழைப்புக்குக் காணாது. மணிக்கு 60 கிராம் அளவுக்காவது மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்கிறார்கள். சைக்கிள் மேலேயே வாழைப்பழம், ஜெல், சர்க்கரைத் தண்ணீர். சாப்பிட மறந்தால் ஓட்டத்தில் கண் இருட்டும். அதிகம் சாப்பிட்டால் வயிறு புரளும். வியர்வையில் உப்பு கரைந்து போகும்போது வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். பலருடைய பந்தயம் காலில் கெடுவதில்லை, வயிற்றில்தான் கெடுகிறது.

ஐந்தரை மணிக்குச் சற்று முன்னால் இறங்கி, ஷூ மாற்றி, ஓட ஆரம்பிக்கிறார். சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும், முதல் சில நிமிடங்களுக்குச் சொன்ன பேச்சைக் கேட்காது. உச்சி வெயில். கடலோரப் புழுக்கம். கையில் இருப்பது மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடந்தே முடித்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. வேகமாக நடந்தால் மணிக்கு 6 கி.மீ., 21.1-க்கு மூன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே ஓடித்தான் ஆக வேண்டும், கொஞ்சமாவது. கிலோமீட்டருக்கு எட்டே கால் நிமிடம். காலையில் பூங்காவில் இதைவிட வேகமாகத் தாத்தாக்கள் ஓடுவார்கள். ஆனால் அந்தத் தாத்தாக்கள் அதற்கு முன் ஐந்தரை மணி நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு வருவதில்லை.

இந்தக் கடிகாரம் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை என்பதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2024 அக்டோபர் 27 அன்று பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா கோவாவில் அரை தூரத்தை முடித்தார். பதிவான நேரம் 8 மணி 27 நிமிடம் 32 விநாடி. பிரதமர் பாராட்டினார், செய்தித்தாள்களில் படம் வந்தது. அடுத்த வருஷம் 2025 நவம்பரில் அவரோடு நம்ம ஊர் அண்ணாமலையும் அதே போட்டியை முடித்தபோது தமிழ்நாட்டில் இது என்ன போட்டி என்று பலர் முதல் தடவையாகத் தேடிப் பார்த்தார்கள். அவர்கள் கட்சி பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதை ஒரு நிமிடம் தள்ளி வையுங்கள். அந்த 2024 நேரத்தில் மிச்சம் இருந்தது 2 நிமிடம் 28 விநாடி. ஒரு பஞ்சர், ஷூ லேஸ் இரண்டு தடவை அவிழ்ந்தது, கழிப்பறையில் கொஞ்சம் அதிக நேரம், இதில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் கதை வேறு. ரயில் நிலையத்தில், விமான நிலையத்தில், கோயில் வாசலில் எம்.பி.க்காகக் காத்திருப்பார்கள். சிப் காத்திருக்காது. கடைசி இரண்டு நிமிடங்களில் அவர் முகத்திலும், அவருக்குப் பக்கத்தில் ஓடிய யாரோ ஒரு பள்ளி ஆசிரியர் முகத்திலும் ஒரே பயம்தான் இருந்திருக்கும்.

"காசு இருக்கிறவங்க பொழுதுபோக்கு" என்பதில் விட்டுப்போகும் பாதி இதுதான். சைக்கிளை வாங்கலாம், பயிற்சியாளரை வாங்கலாம், விமான டிக்கெட் வாங்கலாம். எட்டரை மணி நேரத்தை ஒன்பதாக்க முடியாது. நம்ம ஊரில் தேர்வு அறையில்கூட வாத்தியாரிடம் கெஞ்சி இரண்டு நிமிடம் வாங்கிவிடலாம்!

அதனால்தான் "பாவம், இவ்வளவு தூரம் வந்துவிட்டார், பத்து நிமிடம் விட்டுக் கொடுத்தால் என்ன" என்று கேட்பது தப்பு. அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக் கொடுத்தால் மெடல் வெறும் ரசீது ஆகிவிடும். காசு கட்டியதற்கு அத்தாட்சி. வாடிக்கையாளரை மனம் நோகாமல் அனுப்ப வேண்டும் என்பது எந்த வியாபாரத்துக்கும் பொது விதி. காசு கட்டிய வாடிக்கையாளரை நடுரோட்டில் நிறுத்தி "போதும், வீட்டுக்குப் போங்க" என்று சொல்வதால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. விசித்திரமான வியாபாரம்தான்.

ஆனால் கடிகாரம் விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பவர்கள், ஆளைச் சேர்க்கும் விஷயத்தில் அதே கண்டிப்பைக் காட்டுவதில்லை. குறை சொல்ல வேண்டியது இங்கேதான்.

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நடந்த மரணங்களையும் இதயத் துடிப்பு நின்றுபோன நிகழ்வுகளையும் தொகுத்து ஒரு மருத்துவ ஆய்வு 2017-ல் வெளிவந்தது. மொத்தம் 135 நிகழ்வுகள். அதில் 90 நீச்சலின்போது நடந்தவை. மூன்றில் இரண்டு பங்கு! போட்டியிலேயே நேரம் குறைவாகப் பிடிக்கும் பகுதி நீச்சல்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் ஆண்கள், சராசரி வயது ஏறக்குறைய 47. லட்சம் பேருக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்பதால் பயந்து ஓட வேண்டிய எண் அல்ல இது. ஆனாலும் எங்கே கவனம் வேண்டும் என்பதை அது தெளிவாகச் சொல்கிறது.

காரணம் புரிந்து கொள்ள டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை. சாலையில் நெஞ்சு படபடத்தால் சைக்கிளை நிறுத்தி உட்காரலாம், நாலு பேர் பார்ப்பார்கள். தண்ணீரில் உட்கார இடம் இல்லை. நூற்றுக்கணக்கான தலைகளில் ஒரு தலை மூழ்கினால் கண்ணில் படுவது கஷ்டம். பதற்றத்தில் இதயம் ஏற்கெனவே எகிறிக் கொண்டிருக்கும். உள்ளே தெரியாமல் கிடந்த இதயக் கோளாறு அன்றைக்குப் பார்த்து வெளியே வரும்.

அங்கங்கே மிதக்கும் துடுப்புப் படகைப் பிடித்துக் கொண்டு மூச்சு வாங்கலாம், முன்னேறாமல் அப்படியே நின்றால் விதிப்படி தப்பில்லை. யாரும் தகுதிநீக்கம் செய்யப் போவதில்லை. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் சிலர் மானப் பிரச்சினையாக நினைத்துப் பிடிப்பதில்லை. கையைத் தூக்கி ஆட்டினால் படகு வரும். கையைத் தூக்குவதற்கு நம்ம ஆண்களுக்கு இருக்கிற கூச்சம் இருக்கிறதே... ஊரெல்லாம் பணம் வசூலித்து டி-சர்ட் அடித்துப் போட்டு வந்தவர் பாதியில் கை தூக்குவாரா? ஆபீசில் என்ன சொல்வார்?

பெயர் பதியும்போது டி-சர்ட் அளவு கேட்கிறார்கள். கடலில் ஒரு தடவையாவது ஒன்றரை கிலோமீட்டர் நீந்தியதற்குச் சான்றும் கேட்கலாம். நாற்பது தாண்டியவர்களுக்கு இதயப் பரிசோதனை அறிக்கையைக் கட்டாயமாக்கலாம். போட்டிக்கு ஒரு மாதம் முன்பு ஒவ்வொரு ஊரிலும் கடலிலோ ஏரியிலோ ஒரு தகுதி நீச்சல் வைக்கலாம். வைத்தால் கொஞ்சப் பேர் குறைவார்கள், அந்த அளவுக்கு வருமானமும் குறையும். 73 கோடி டாலர் போட்டவர்களுக்கு அது கசக்கும்தான். ஆனால் எட்டரை மணி நேரத்தில் ஒரு விநாடி விட்டுக் கொடுக்க மாட்டோம் என்று பெருமைப்படுகிறவர்கள், அந்தக் கண்டிப்பில் கொஞ்சத்தைக் காசு வாங்கும் இடத்திலும் காட்டினால் நியாயமாக இருக்கும். கண்டிப்பு காசு வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்றால் பார்ப்பவனுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

பங்கேற்பவர் பக்கமும் ஒரு செலவு கணக்கில் வராமல் கிடக்கிறது. ஆறேழு மாதம், வாரத்துக்குப் பத்து மணி நேரம் பயிற்சி என்று வைத்துக் கொண்டால் அந்தப் பத்து மணி நேரம் எங்கிருந்தோ வருகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர் சைக்கிள் மிதிக்கும்போது வீட்டில் பால் வாங்குவதும், பிள்ளையைப் பாட்டு வகுப்புக்குக் கொண்டு விடுவதும், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் வேறு ஒருவர். மெடலை அவர் கழுத்தில் போடுவதில்லை. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், ஏன் இந்தப் போட்டிகளில் பெண்கள் எண்ணிக்கை இவ்வளவு குறைவு என்பதற்கும் பாதி விடை கிடைக்கும். அவளுக்காக ஞாயிற்றுக்கிழமை பால் வாங்க யார் எழுந்திருப்பார்கள்?

கடைசியாக, முடிக்காதவர்கள். படங்களில் இவர்கள் வருவதில்லை. கோட்டைத் தாண்டிக் கை தூக்கியவர்கள் படம்தான் எல்லா இடத்திலும். 5 மணி 34 நிமிடத்துக்குச் சைக்கிளில் வந்து சேர்ந்தவரை நடுவர் கை காட்டி நிறுத்துவார். குனிந்து கணுக்கால் சிப்பை அவிழ்த்து வாங்கிக் கொள்வார். ஒன்றும் சொல்ல மாட்டார், சொல்லவும் எதுவும் இல்லை. கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் மிதித்து வந்த ஆள் அவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலையைத் தண்ணீருக்குள் வைக்கப் பயந்தவராகக்கூட இருக்கலாம். நாலு நிமிடம். திங்கட்கிழமை ஆபீசில் "என்ன சார், அயர்ன்மேன் ஆயிட்டீங்களா?" என்று கேட்பவர்களுக்கு அவர் இந்த ஐந்தரை மணி நேரத்தை விளக்கப் போவதில்லை, விளக்கினாலும் புரியாது. முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே நீச்சல் நேரம் இருக்கும், ஓட்டத்துக்கான கட்டம் காலியாக இருக்கும். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை. சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து ஊருக்கு எடுத்துக் கொண்டு போவார். சக்கரத்தில் இன்னும் மிராமார் மணல் ஒட்டியிருக்கும்.